குப்பைமேட்டு விளக்கு

புட்டனப்பள்ளியில் தலைக்கு மேல் ஒரு கூரை இருப்பதற்கு விலை, ஒரு வருஷத்துக் குப்பை.

கேட்பவர்களுக்கு மலிவாகத்தான் தெரியும். சந்தை சந்தையாகப் பேரம் பேசியவர்கள்கூட, "குப்பைதானே, வாரிக்கொண்டு போகட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் உருளைக்கிழங்கு போட்டவர்கள் இல்லை. பண்ணைக்காரர் நாராயணப்பன் போட்டவர். ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவே சாலையின் இரண்டு பக்கமும் அவருடைய செம்மண். கிழங்கும் கோசும் மூட்டை மூட்டையாகப் பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரி ஏறும். ஆனால் அந்த மண் சாமானியமானதல்ல. ஒரு வருஷம் எரு குறைந்தால் மறு வருஷம் கல்லைத்தான் விளைவிக்கும். ஆகவே நாராயணப்பன் தன் நிலத்தின் ஓரத்தில் ஆறு குடும்பங்களுக்கு மனை விட்டார். மண் குழைத்துச் சுவர் வைத்தது அவர்கள். புல் அறுத்துக் கூரை வேய்ந்தது அவர்கள். காசு வாடகை ஒன்றும் இல்லை. சாணி, சாம்பல், அடுப்படிக் கழிவு, கொட்டில் கூளம் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் குவியவேண்டும். தை பிறந்ததும் பண்ணை வண்டி வந்து வழித்துக்கொண்டு போகும். இதற்காக நாராயணப்பனுக்கு அக்கம்பக்கத்தில் தர்மவான் என்று பெயர்.

அந்தப் பண்ணை வண்டியை ஓட்டுகிறவன் எல்லப்பன். ஆறு வீட்டில் ஒரு வீடு அவனுடையது. தன் வீட்டுக் குப்பையைத் தானே அள்ளித் தானே ஏற்றி, எசமான் வயலில் தானே கொட்டிவிட்டு வருவான். அவன் பெண்சாதி காவேரிக்கு எழுத்து தெரியாது. அடுப்படிச் சுவர்தான் அவளுக்குக் கணக்கு. பக்கத்து வீட்டு வெங்கடம்மாளுக்குக் கைமாற்றாகக் கொடுத்த ராகி மாவு ஒரு வரிசை, கோடி வீட்டுக்குப் போன புளி ஒரு வரிசை, எல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. திரும்பி வந்தால் ஈர விரலால் ஒரு துடைப்பு. கதவோரம் தனியாக ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு தையிலும் வண்டி குப்பையை ஏற்றிக்கொண்டு தெரு திரும்பியதும் அதில் ஒரு புள்ளி வைப்பாள். சுதந்திரம் வந்த வருஷம் குடிவந்தார்கள். இப்போது ஒன்பது புள்ளி.

"இத யாருகிட்ட வசூல் பண்ணப் போற?" என்று எல்லப்பன் சிரிப்பான்.

"புள்ளி கெடந்தா கெடக்குது. சோறா கேக்குது?" என்பாள் அவள்.

அந்த வருஷம் ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது புது வாத்தியாராக வந்தவர் கௌஸ் மொய்தீன். கிருஷ்ணகிரியில் புளிமண்டிக் குடும்பம். அண்ணன்மார் மூவரும் கொட்டை நீக்கிய புளியா நீக்காத புளியா என்று வியாபாரிகளோடு மல்லுக்கட்டிச் சம்பாதிக்க, இவர் மட்டும் காந்தி வழி ஆதாரப் பள்ளிப் பயிற்சிக்குப் போய்விட்டார். அங்கே ராட்டையும் கம்போஸ்ட் எருவும் சொல்லிக்கொடுத்தார்கள். ராட்டைக்குப் பஞ்சு கேட்டு அனுப்பிய மனுவுக்குப் பதில் வரவில்லை. குப்பைக்கு யாரிடமும் மனுப்போட வேண்டியதில்லை என்பதால் வாத்தியார் கம்போஸ்டைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஓட்டைக் கூடையில் அடுப்படிக் கழிவு கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கீரைத்தண்டும் அவரைத்தோலும் போதாதென்று பழைய களி, புளித்த கூழ், மோர்ச்சட்டி கழுவிய தண்ணீர் என்று கொண்டுவந்து புங்கமரத்தடிக் குழியில் ஊற்றினார்கள். ஆவணியில் விடாமல் தூறல். குழி நிரம்பி, நுரை கட்டி, பாகலூர்ப் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்க்கும்படி ஆயிற்று. வாத்தியார் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குழியோரம் நின்று, எரு வைக்கப் போய்க் குழம்பு வைத்துவிட்டோம், தப்பு என்னுடையது என்று பிள்ளைகளிடமே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது குழி இல்லை, குவியல். மேட்டில், தண்ணீர் வடிகிற இடத்தில். அடியில் ராகித்தாள் ஓர் அடுக்கு. அதன்மேல் பச்சைக் கழிவு. சாணி கரைத்த தண்ணீரை வேப்பங்கொத்தால் தெளித்து, கைப்பிடி சாம்பல் தூவி, மேலே மண். மறுபடி தாள். அள்ளிப் பிடித்தால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. நாற்றம் எடுத்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போடு. சூடே இல்லையென்றால் குவியலுக்குப் பசி, பச்சையைப் போடு. நடுவில் ஒரு கடப்பாரை சொருகியிருக்கும். காலையில் அதை உருவித் தொட்டுப் பார்ப்பதற்கு ஐப்பசிக் குளிரில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். இரும்பு சுடச்சுட வரும். பாடம் படித்த மாதிரியும் ஆயிற்று, கை காய்ந்த மாதிரியும் ஆயிற்று.

காவேரியின் மகள் ராஜாத்தி வீட்டில் அடுப்படி அதிகாரியாகிவிட்டாள். கண்ணாடி வளையல் துண்டு ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம், தண்டு தோல் கூடையில் என்று தாயை மிரட்டினாள். வெங்காயச் சருகை எங்கே போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் காவேரி எறிய வேண்டியிருந்தது.

"இந்த ஊட்ல குப்பைக்கு இருக்கற மரியாத எனக்கு இல்ல" என்றான் எல்லப்பன்.

ஒருநாள் வயலிலிருந்து திரும்பும்போது காவேரி பள்ளிக்கூடத்து வேலியோரம் நின்றாள். பிள்ளைகள் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவி எழும்பியது. இதெல்லாம் கடைசியில் யாருக்குப் போய்ச் சேரும் என்று வாத்தியாரைக் கேட்டாள்.

"கொண்டாந்தவங்களுக்குத்தான்மா. பசங்க தோட்டம் போடுவாங்க. மீந்தது அவங்கவங்க ஊட்டுக்கு" என்றார் வாத்தியார், இதிலென்ன கேள்வி என்பதுபோல.

காவேரி நடையைக் கட்டினாள். வீட்டுக்கு வந்து கதவோரத்துப் புள்ளிகளை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து கூடை சின்னதாக இருக்கிறதென்று ராஜாத்தியிடம் பெரிய கூடை கொடுத்தாள். சாம்பல் போயிற்று. கொட்டில் கூளம் போயிற்று. தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஒவ்வொருவராகக் கூடையைப் பெரிதாக்கினார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடுகள், பல் விழுந்த ஈறுமாதிரி அமுங்கிப்போயின.

நாராயணப்பன் பேரத்தைத் தெலுங்கிலும், திட்டைக் கன்னடத்திலும், உத்தரவைத் தமிழிலும் வைத்துக்கொண்டிருப்பவர். ஒருநாள் ஆறு வீட்டின் பின்புறமும் நடந்து பார்த்துவிட்டு அவர் தமிழில் பேசினார்.

"எல்லப்பா, என் குப்ப எங்கடா?"

எல்லப்பன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்த காவேரி முறத்தை நிறுத்தவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போயிருக்குதுங்க."

நாராயணப்பன் சிரித்தார். அவர் சிரித்தால் மாட்டுச் சந்தையில் தரகர்கள் ஓரடி பின்னுக்குப் போவார்கள். "படிச்சி முடிச்சி ஊட்டுக்கு வரச்சொல்லு. கார்த்திகைக்குள்ள மேடு பழையபடி இருக்கணும். இல்லன்னா, தை பொறந்ததும் எங்க கொட்றீங்களோ அங்கயே போயி குடியிருங்க" என்றார். ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வெங்கடம்மாள் வந்து உட்கார்ந்து புலம்பினாள். புருஷன் படுக்கையில். கூரை போனால் அவனை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டாள். நாலு கூடையைத் திருப்பிக் கொட்டினால் தீர்ந்தது, குப்பைக்குப்போய் எவளாவது வீட்டை விடுவாளா என்றாள். எல்லப்பன் களியை உருட்டி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தான்.

"அவ சொல்றது நாயந்தான். மண்ணு அவருது. மாடு அவருது. வண்டி அவருது" என்றான்.

"தின்ன வாயி நம்முளுது. தோல உரிச்ச கை நம்முளுது. அப்புறம் தோலு மட்டும் எப்படி அவருதாச்சி?"

"அதுதான் பேச்சி. அப்படித்தான ஒத்துக்கினோம்."

"நாம எங்க ஒத்துக்கினோம்? கூர இல்லாதவங்கள ஒத்துக்கறியான்னு கேட்டா வேற என்னா சொல்லுவாங்க?" காவேரி கீரைக் குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். "ஏன் வெங்கடம்மா, ஒன் ஊட்டு செவுரு யாரு வெச்சது?"

"நாங்கதான்."

"கூர?"

"நாங்கதான் மே, அதுக்கென்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. கேட்டுக்கினேன்."

வாத்தியாருக்கும் சேதி போயிருந்தது. மறுநாள் அவரே வந்தார். தன்னால் ஆறு குடும்பம் தெருவுக்கு வரவேண்டாம், குவியலைப் பண்ணைக்கே அனுப்பிவிடலாம், பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வேற என்னா சொல்லிக் குடுப்பீங்க, வாத்தியாரே?" என்றாள் காவேரி. "எம் பொண்ணு கை கொப்புளிக்கப் பொரட்டிப் போட்டிருக்கா. கொண்டாந்தவங்களுக்குன்னு சொன்னது நீங்க. இப்ப அவளுக்கு நீங்களே இல்லன்னு சொல்லுங்க. நான் சொல்லமாட்டன்."

வாத்தியார் ராஜாத்தியைப் பார்த்தார். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு மறுநாள் அந்தப் பக்கத்தில் குப்பைக் கார்த்திகை. வாசலுக்கு வைத்த விளக்கை அன்றைக்குக் குப்பைமேட்டுக்கு வைப்பார்கள். லட்சுமி அங்கேதான் முதலில் உட்காருகிறாள் என்று ஐதீகம். புட்டனப்பள்ளியில் அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. எந்த வீட்டு விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக் குப்பை. விளக்கு தானாக அணைகிறவரை அதில் யாரும் கூடை வைக்கக் கூடாது. ஊதி அணைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது, வயல் விளையாது. சட்டம் போட்டவர் நாராயணப்பனின் அப்பா. வண்டி வருமுன் எவனும் சொந்தம் கொண்டாடக்கூடாதே என்று போட்டார். ஒரு வருஷம் விளக்கு வைத்த மேட்டில் கைவைத்தான் என்று ஒருவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அபராதம் வாங்கியவர் நாராயணப்பனே. ஆகவே ஒவ்வொரு வருஷமும் அவர் மனைவி லட்சுமியம்மாள் தாம்பாளத்தில் விளக்கோடு வந்து, ஆறு மேட்டிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு, ஆறு வீட்டுப் பெண்களுக்கும் மஞ்சள் குங்குமம் கொடுத்துவிட்டுப் போவாள். யாருடைய குப்பை என்பதற்கு அதற்கு மேல் பத்திரம் வேண்டியதில்லை.

இந்த வருஷம் லட்சுமியம்மாள் வந்து பார்த்தபோது மேடு இருந்த இடம் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. தாம்பாளத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள்.

"ஏனம்மா காவேரி, விளக்க எங்க வெக்கறது?"

"இங்க குப்ப இல்லீங்கம்மா. கோலந்தான் இருக்குது. கோலத்துல வெச்சிட்டுப் போங்க, வாசலுக்கு நல்லது."

"அவுரு கேட்டா?"

"பள்ளிக்கூடத்துல வெச்சாச்சின்னு சொல்லுங்க."

வைத்தாகிவிட்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு அகல் கொண்டுவந்திருந்தார்கள். வாத்தியாருக்கு அது தன் பாடத்தில் இல்லாத விஷயம். காவேரி வந்து கேட்டபோது கொஞ்சம் யோசித்து, "உள்ளதான் ஏற்கெனவே நெருப்பு இருக்குதே, மேல ஒண்ணு இருந்தா என்ன? தாள்ல படாம ஓட்டுமேல வெக்கச் சொல்லுங்க" என்றாராம். லட்சுமியம்மாள் வேலிவரை போய்ப் பார்த்தாள். மங்கின வெளிச்சத்தில் குவியல் முழுக்க விளக்கு. வெங்கடம்மாள் வீட்டு அகலும் அதில் இருந்தது. தன் தாம்பாளத்தை அவள் அங்கே இறக்கவில்லை. எரிகிற விளக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

விடிந்ததும் நாராயணப்பன் வண்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மற்ற அகல்கள் அணைந்திருந்தன. உச்சியில் ஒன்று மட்டும், பக்கம் உடைந்த பானைக்குள், காற்றுப் படாமல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ராஜாத்தி கரண்டியில் விளக்கெண்ணெயோடு நின்றாள். எண்ணெய்க்குப் பஞ்சம் இல்லை. ஆறு வீட்டுக்கும் வேலியோரம் ஆமணக்கு நின்றது. வீட்டுக்கு ஒரு கரண்டி என்று முறை போட்டிருந்தார்கள்.

அணையட்டும் என்று நாராயணப்பன் நின்றார். அணைவதாகத் தெரியவில்லை. வயலுக்குப் போகிற ஆட்கள் வேலியோரம் சேர ஆரம்பித்தார்கள். அவருக்குக் கன்னடம் வந்தது. கொஞ்ச நேரம் கன்னடத்தில் பேசிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்.

"எல்லப்பா, போயி ஊதுடா."

எல்லப்பன் விளக்கைப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்சாதியைப் பார்த்தான். அவள் ஒன்றும் சாடை காட்டவில்லை.

"நீங்க ஊதுங்க எசமான். நான் மாட்டப் புடிச்சிக்கறன்."

நாராயணப்பன் விளக்குவரை நாலடி வைத்தார். கிழங்கு வயலில் இருக்கிறது. லாரி பேசியாகிவிட்டது. அப்பா போட்ட சட்டம். வாய்வரை வந்த காற்றை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். எல்லப்பன் நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தான். சாட்டையை வண்டியில் வைத்தான். இருபது வயசிலிருந்து அந்தச் சாட்டை அவன் கையில் இருந்தது. வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ராஜாத்தியின் காலிக்கூடையை வாங்கி வைத்துக்கொண்டான்.

அதன்பின் அவன் மத்திகிரிப் பக்கம் புல்லறுக்கிற கூலிக்குப் போனான். சில நாள் வேலை இருந்தது, சில நாள் இல்லை. வீட்டில் களி சின்ன உருண்டையாயிற்று. பண்ணையில் ஆறு வீட்டுக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெங்கடம்மாள் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அழுகை முடிந்ததும் தன் முறை எண்ணெயை ஊற்றப் போனாள். மார்கழிப் பனியிலும், வகுப்பு நடக்கிற நேரத்தில் பிள்ளைகள் விளக்கைக் காத்தார்கள், நடக்காத நேரத்தில் தாய்மார் வந்தார்கள். புரட்ட வேண்டிய நாளில் வைத்தவர்களே விளக்கை இறக்கி, புரட்டி, மறுபடி ஏற்றினார்கள். குவியல் மெல்லச் சூடு தணிந்து, பாதியாக அமுங்கி, கறுத்தது.

தை பிறந்தது. பண்ணைக்காரர் நடந்தே வந்தார். எரு ஆகிவிட்டதென்று வாத்தியார் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தண்டு எது, தோல் எது, சாணி எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாராயணப்பன் குனிந்து ஒரு கை அள்ளினார். பிடித்துப் பார்த்தார், உதிர்த்துப் பார்த்தார், மூக்கில் வைத்தார். முதல் மழை விழுந்த மண் வாசனை. என்ன இருந்தாலும் விவசாயி. கையை உதற அவருக்கு மனம் வரவில்லை.

தோள்துண்டை எடுத்து வலது கையின்மேல் விரித்து வாத்தியார் பக்கம் நீட்டினார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். அவர் வாழ்நாளில் ஒரு விலையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புளிமண்டிப் பிள்ளைக்கு அந்தப் பாஷை தெரியும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சரக்கு என்னுது இல்லீங்க. அவங்களக் கேளுங்க."

துண்டு காவேரி பக்கம் திரும்பவில்லை. பெண்பிள்ளையிடம் எப்படி நீட்டுவது?

"எனக்குத் துண்டுக்குள்ள கை வெக்கத் தெரியாதுங்க. வாயால சொல்லுங்க. பசங்களும் கேக்கட்டும்" என்றாள் அவள்.

நாராயணப்பன் துண்டை மடித்தார். மறுபடி விரித்தார். கடைசியில், "ஊட்ட ஒண்ணும் காலி பண்ண வேணாம். எல்லப்பன் நாளைக்கே வண்டிக்கு வரட்டும். இத குடுத்துடுங்க. பழையபடி இருந்துக்கலாம்" என்றார்.

எல்லப்பன் புல்கட்டுக் கயிற்றோடு ஓரமாக நின்றான். காவேரி அவனைப் பார்த்தாள். அவன் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"பழையபடி வேணாங்க. ஆறு மனையும் ஆறு பேருக்கு எழுதிக் குடுங்க. அப்புறம் வண்டிய அனுப்புங்க, நாங்களே ஏத்திவுடறம்."

"மண்ணுக்குக் குப்பையா வெல?"

"ஒம்பது வருஷமா அதானுங்க வெல. நீங்க வெச்சதுதான்."

அவர் கையிலிருந்த எருவைக் கீழே போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். காலி பண்ணச் சொன்னது சொன்னதுதானா, இல்லையா என்று கேட்க யாரும் பின்னால் ஓடவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பாத்திக்கு வேண்டியதை இறைத்தார்கள். மீந்ததை, சொன்னபடி, வீட்டுக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோனார்கள். காலி பண்ண வேண்டிய வீடுகளின் சுவரடியில் குழி தோண்டி, எரு நிரப்பி, ஆறு வீட்டிலும் சுரைவிதை போட்டார்கள். சட்டிபானையைக் கட்டிவைக்க வேண்டிய நேரத்தில் கொடிக்குப் பந்தல்கால் நட்டது அந்தப் பக்கத்தில் இவர்கள்தான். பங்குனிக்குள் கொடி கூரை ஏறி, முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கிற்று. பண்ணை ஆள் ஒருவன் வந்து தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனான். இன்னொரு நாளும் வந்தான். வெங்கடம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தனுப்பினாள்.

முதல் காயைக் காவேரி அறுத்து, கூடையில் வைத்து, ராஜாத்தியிடம் பண்ணை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

"வாடகைன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள் பெண்.

"சொரக்கான்னு சொல்லு."

லட்சுமியம்மாள் காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்துக் கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். கூடை காலியாக இல்லை. அடியில் அவரைத்தோல், வாழைக்காய்ச் சீவல், வெங்காயச் சருகு. கண்ணாடித் துண்டு இல்லை, தலைமுடி இல்லை, சுத்தமாகப் பிரித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு, என்று மட்டும் சொன்னாளாம்.

அது பண்ணைக்காரருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று காவேரி விசாரிக்கவில்லை. கூடையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவோரத்துச் சுவர்முன் நின்றாள். வந்ததை வரவு வைக்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. விரலைத் தண்ணீரில் நனைத்தாள். ஒரு கூடை எங்கே, ஒரு வருஷத்து மேடு எங்கே என்று யோசித்தாள். பிறகு கடைசிப் புள்ளியின் ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு தேய்ப்பு.

பண்ணை எடுத்தது, ஒன்பது வருஷத்துக் குப்பை. வந்து சேர்ந்தது, ஒரு கூடை. பாக்கி, எட்டுப் புள்ளி முழுசாக. ஒன்பதாவது, ஓரம் தேய்ந்து.